மேட்டுக்குடி மேடேறிய கதை

சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடு ஏற ஏற வீட்டு விலையும் ஏறும். நாப் ஹில், ரஷ்யன் ஹில், டெலிகிராஃப் ஹில் என்று குன்றின் பெயரைச் சொன்னாலே, அங்கே குடியிருப்பவரின் வருமானம் பற்றி ஒரு கணக்கு கேட்பவர் மனதில் ஓடிவிடுகிறது. ஏன் அப்படி என்று கேட்டால் பதிலும் தயார்: மேலே நல்ல காற்று, கீழே விரிகுடா, கண்ணுக்கெட்டிய தூரம் வரை காட்சி, காசு உள்ளவன் மேட்டில்தானே இருப்பான்? இந்த விளக்கம் 1860கள் வரை பின்னோக்கிப் போனால் நிற்காது. அன்றும் இதே காற்று வீசியது, இதே விரிகுடா தெரிந்தது. ஆனால் நாப் ஹில்லின் உச்சியில் பெரும்பாலும் மணலும் புதரும்தான், வீடுகள் சொற்பம். டெலிகிராஃப் ஹில்லின் சரிவில் துறைமுகக் கூலிகள் பலகை வீடுகளில் இருந்தார்கள். செல்வந்தர்கள் சமதளத்தை ஒட்டிய தாழ்ந்த மேடுகளோடு நின்றுகொண்டார்கள். காட்சி அப்படியே இருக்க, குடியிருப்பவர்கள் மட்டும் தலைகீழாக மாறியிருக்கிறார்கள் என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஒரு மூட்டை நிலக்கரி அந்த உச்சிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் தோளில், யார் செலவில் என்று பார்த்தால் இந்நகரத்துக் குன்றுகளின் கதை பெரும்பாலும் விளங்கிவிடும் என்பது என் கட்சி.

குன்றுகள் இயற்கை தந்தவை. அவற்றில் ஏறுவதை இவ்வளவு கடினமாக்கியது மனிதர் போட்ட கோடு. மெக்சிகோவின் ஆட்சியில் யெர்பா புவெனா என்ற பெயரில் இருந்த சிற்றூருக்கு 1839இல் ஜான் ஜாக் வியோஜே முதல் தெரு வரைபடத்தை வரைந்தார். அமெரிக்கர்கள் ஊரைக் கைப்பற்றிய பின், 1847இல், அயர்லாந்தில் பிறந்த ஜாஸ்பர் ஓ'ஃபாரல் அதைத் திருத்தி விரிவாக்கினார். அப்போது ஊரின் மக்கள்தொகை ஐந்நூறைக்கூட எட்டவில்லை. வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி: நேர்க்கோடுகள், செங்கோணங்கள், சம அளவு மனைகள். மனை விற்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. வாங்குபவர் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னால் போதும். 1848இல் தங்கம் கிடைத்த செய்தி பரவி, ஊர் சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேரின் நகரமானபோது, தாளில் போட்ட அந்தக் கோடுகள் அப்படியே மேட்டின் மீது ஏறி மறுபக்கம் இறங்கின. சரிவை அணைத்து வளைந்து செல்லும் பாதை என்ற யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று. ஹைட், லெவன்வொர்த் தெருக்களுக்கு இடையே ஃபில்பர்ட் தெருவின் ஏற்றம் 31.5 சதவீதம், நூறு அடி முன்னேறினால் முப்பத்தொரு அடிக்கு மேல் உயர்ந்துவிடுவோம். அதைவிடச் செங்குத்தான பல இடங்களில் தெரு படிக்கட்டாக மாறிவிடுகிறது, பெயர் மட்டும் தெருவின் பெயராகவே தொடர்கிறது. 1905இல் டேனியல் பர்னம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், சரிவின் போக்கிலேயே தெருக்கள் வளைந்து செல்லும்படி ஒரு நகரத் திட்டம் கொடுத்தார். மறு ஆண்டு ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் நகரின் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்து, அந்தத் திட்டத்துக்கு வெறும் தரையையே பரிசாகக் கொடுத்தன. அப்போதும் அது நிறைவேறவில்லை. மனைக்காரர்கள் அவரவர் எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, பழைய நேர்க்கோட்டிலேயே அவசர அவசரமாகக் கட்டினார்கள்.

இத்தகைய தெருவில் குதிரை வண்டியின் பாடு சொல்லி மாளாது. மழைநாளில் கருங்கல் பாவிய ஏற்றத்தில் குளம்பு வழுக்கினால் வண்டியோடு குதிரைகளும் பின்னோக்கி இழுபடும். எனவே மேட்டு மனை மலிவு. அந்த மலிவை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதை டெலிகிராஃப் ஹில் நன்றாகக் காட்டுகிறது. தங்க வேட்டையின் தொடக்க ஆண்டுகளில் அதன் உச்சியில் ஒரு சைகை மரம் நட்டு, வரும் கப்பல் எந்த வகை என்பதைக் கைகாட்டிகளை அசைத்து நகருக்குத் தெரிவித்தார்கள். குன்றின் பெயர் அதிலிருந்து வந்தது. அடிவாரத்தில் கப்பல் துறை. ஐரிஷ்காரர்களும் பின்னர் இத்தாலியர்களும் அங்கே குடியேறியது வேலைக்குப் பக்கம், வாடகை குறைவு என்ற இரண்டே காரணங்களால். மூட்டை இறக்குவதையே தொழிலாகக் கொண்டவன் வீட்டுச் சுமையையும் தானே தூக்கிக்கொண்டு ஏறினான். அந்த உழைப்பைச் சேர்த்துப் பார்த்தால் வாடகை மலிவே இல்லை. தண்ணீரின் கதையும் இதேதான். 1850களில் விரிகுடாவின் அக்கரையில் உள்ள சாசலிட்டோவிலிருந்து பீப்பாய்களில் படகேறி வந்த தண்ணீரை நகரில் விலைக்கு வாங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் லோபோஸ் ஓடையின் நீரைக் கொண்டுவந்து, நீராவிப் பம்ப் வைத்து ரஷ்யன் ஹில்லின் நீர்த்தேக்கங்களுக்கு ஏற்றிய பிறகுதான் குழாய் என்ற பேச்சே அந்த உயரத்தில் எழுந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: கயிறு இழுக்க மேடேறும் கேபிள் கார் வருவதற்கு முன்பே பணக்காரர்கள் மேட்டில் இருந்தார்களே, ரிங்கன் ஹில்லை மறந்துவிட்டீர்களா? மறக்கவில்லை, என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே, கடலோரமாக இருந்த அந்த மேடு 1850களிலும் 60களிலும் நகரின் மிக மதிப்பான குடியிருப்பு. அது தாழ்ந்த மேடு, ஏற்றம் மென்மையானது. இரட்டைக் குதிரை வண்டி சிரமமில்லாமல் வாசல்வரை போகும். அதாவது குதிரைக்கு எட்டிய உயரம் எதுவோ, அதுவே அன்றைய செல்வத்தின் உயரம். ரிங்கன் ஹில்லின் வீழ்ச்சியும் சுமையால்தான் வந்தது. துறைக்குப் போகும் சரக்கு வண்டிகள் மேடேறாமல் நேரே செல்ல வேண்டும் என்று 1869இல் இரண்டாம் தெருவை ஒட்டிக் குன்றைக் குடைந்து ஒரு பெரிய வெட்டுப் பள்ளம் தோண்டினார்கள். ஆதாயம் எதிர்பார்த்து அதற்காகச் சட்டமன்றத்தில் பாடுபட்டவர் அங்கே நிலம் வைத்திருந்த உறுப்பினர் ஒருவரே. விளிம்பில் இருந்த வீடுகளுக்கு அடியிலிருந்து மண் சரிந்தது, பள்ளம் குன்றை இரண்டாகப் பிளந்து அதன் அழகைக் கெடுத்தது, சரக்குப் போக்குவரத்தும் சொன்ன அளவுக்கு வரவில்லை. வசதியானவர்கள் இடம் பெயரப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நகரின் இன்னொரு பக்கத்தில் கம்பிக் கயிறு ஒன்று தயாரானது.

ஆண்ட்ரூ ஹாலிடி லண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை கம்பிக் கயிற்றுக்குக் காப்புரிமை பெற்றவர். மகன் கேலிஃபோர்னியாவின் சுரங்கங்களுக்குக் கம்பிக் கயிறு செய்து விற்றார். மலைச்சரிவில் தாதுவைத் தொட்டிகளில் இறக்கும் கயிற்றுப் பாதைகளையும் அமைத்தார். 1869இல் ஒரு மழைநாளில் குதிரைகள் சரிவில் இழுபட்டுச் சிதைந்ததைக் கண்டு மனம் வருந்தி அவர் கேபிள் காரைக் கண்டுபிடித்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். வருந்தியிருக்கலாம். ஆனால் கயிறு விற்பவருக்குக் கயிற்றால் ஓடும் வண்டி தோன்றுவதற்கு அவ்வளவு பெரிய கருணை தேவையில்லை. கிளே தெருவின் மேற்பகுதியில் மனை வைத்திருந்தவர்கள் இந்தத் திட்டத்துக்குப் பணம் தர முன்வந்ததற்கும் குதிரைகள் காரணமில்லை. 1873 ஆகஸ்ட் 2ஆம் தேதி அதிகாலையில் கியர்னி தெருவை நோக்கி முதல் வண்டி சோதனையாக இறங்கியது. செப்டம்பரில் பொதுமக்கள் ஏறத் தொடங்கினார்கள்.

அந்த இயந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்குக் கயிறு இழுக்க வண்டி மலையேறுவது புதிதாக இராது. ஆனால் அங்கே வண்டி கயிற்றோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும், கயிறு நின்றால் வண்டியும் நிற்கும். கேபிள் காரில் கயிறு நிற்பதே இல்லை. தெருவின் நடுவே, இரண்டு தண்டவாளங்களுக்கு இடையில், விரல் நுழையும் அகலத்தில் ஒரு நீண்ட பிளவு. அதற்குக் கீழே உள்ள கால்வாயில், எங்கோ ஒரு கொட்டகையில் அன்று நீராவி எந்திரம் சுற்ற, கயிறு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியிலிருந்து ஒரு பிடிகொறடு அந்தப் பிளவு வழியே கீழே இறங்கும். ஓட்டுபவர் நெம்புகோலை இழுத்தால் கொறடு கயிற்றைக் கவ்வும், வண்டி கிளம்பும். தளர்த்தினால் கயிறு நழுவிப் போகும், தடையைப் போட்டு வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். இன்றும் அந்த வண்டிகளில் சக்கரத் தடையோடு, தண்டவாளத்தின் மேல் அழுந்தும் மரக்கட்டைத் தடையும் உண்டு. தேய்ந்துபோகும் கட்டைகளைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இதனால் நடந்தது என்ன? ஏறும் வேலை குதிரையிடமிருந்தும் மனிதனிடமிருந்தும் கொட்டகைக் கொதிகலனுக்குப் போய்விட்டது. ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் கட்டணம் ஒன்றே, ஐந்து சென்ட். மேட்டு மனையின் விலையை அதுவரை அமுக்கி வைத்திருந்த பாரம் விலகியது.

விளைவு நாப் ஹில்லில் தெரிந்தது. சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் நான்கு பெருமுதலாளிகளான லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், மார்க் ஹாப்கின்ஸ், சார்லஸ் குரோக்கர், காலிஸ் ஹன்டிங்டன் ஆகியோரின் பெயர்கள் அந்த உச்சியோடு இணைந்தன. ஸ்டான்ஃபோர்ட் வேறு சிலரோடு சேர்ந்து கேலிஃபோர்னியா தெருவுக்கென்றே ஒரு கேபிள் கம்பெனி தொடங்க, 1878 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கியது. குரோக்கர் தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு முழு மனைத் தொகுதியையும் வாங்கிவிட்டார், ஒரு மனை தவிர. அதன் சொந்தக்காரரான நிக்கோலஸ் யங் என்ற சவ அடக்கத் தொழிலர் விலைக்கு இசையவில்லை. குரோக்கர் அவர் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் சுமார் 40 அடி உயரத்தில் பலகை வேலி எழுப்பி, வெளிச்சமும் காற்றும் புகாமல் அடைத்தார். இன்னும் கட்டி முடியாத ஹாப்கின்ஸ் மாளிகையின் கோபுரத்திலிருந்து எட்வர்ட் மைப்ரிட்ஜ் 1878இல் நகரத்தைச் சுற்றிச் சுற்றிப் பதின்மூன்று தகடுகளில் எடுத்த புகைப்பட வரிசையில் அந்த வேலி நன்றாகத் தெரிகிறது. மேட்டின் பெருமைக்குக் காற்றும் காட்சியும்தான் காரணம் என்பவர்கள், அங்கே முதலில் குடிவந்த செல்வம் அடுத்த வீட்டுக்காரரின் காற்றையும் காட்சியையும் என்ன செய்தது என்று அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேபிள் வந்து பணக்காரரை மேலே கொண்டுபோனதா, பணக்காரர் மேலே போய்க் கேபிளை வரவழைத்தாரா? ஸ்டான்ஃபோர்டின் மாளிகை 1876இலேயே எழுந்துவிட்டது. கேலிஃபோர்னியா தெருத் தடம் அதற்குப் பிந்தியது. 1873க்கு முன்பே நாப் ஹில்லில் வீடு கட்டிய செல்வந்தர்களும் சிலர் உண்டு. இது உண்மைதான். ஆனால் அந்தச் சிலர் சிலராகவே இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தக் குதிரைலாயம் வைத்திருந்தவருக்கு மட்டுமே அந்த உயரம் சாத்தியம். அவருக்கே அது சிரமம். ஸ்டான்ஃபோர்ட் கட்டிய காலத்தில் ஹாலிடியின் வண்டி இரண்டு தெரு தள்ளி ஓடிக்கொண்டிருந்தது; ஏறும் வழி பிறந்துவிட்டது என்பதை அறிந்தே அவர் கட்டினார், பிறகு தன் வாசலுக்கும் ஒரு தடம் இழுத்துக்கொண்டார். முதலாளி கேபிள் காரில் ஏறினாரா என்பதும் இங்கே பெரிய கேள்வி இல்லை. அவர் வண்டியிலேயே போயிருக்கலாம். ஐம்பது அறை மாளிகைக்குச் சமையல்காரர், தோட்டக்காரர், தையல்காரி, பால்காரர் எல்லோரும் தினமும் வந்துபோக வேண்டும். அத்தனை பேரையும் மூச்சு வாங்காமல் மேலே கொண்டுவர ஒரு வழி இருந்தால்தான் அந்த உச்சி தெருவாகும், இல்லையேல் தனித்த கோட்டையாகத்தான் நிற்கும்.

அப்படி வந்துபோனவர்களில் ஒரு சாராரின் வரலாறு நகரத்தின் சட்டப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கிறது. நாப் ஹில்லின் கிழக்குச் சரிவின் அடியில்தான் சீனர் பேட்டை. அங்கிருந்த சலவைக்காரர்களும் காய்கறிக்காரர்களும் தோளில் காவடித் தண்டு வைத்து, இரு பக்கமும் கூடை தொங்கவிட்டுத்தான் சரக்கு சுமந்தார்கள். குதிரை சறுக்கும் ஏற்றத்தில் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. 1870இல் நகராட்சி, நடைபாதையில் அப்படிக் காவடி சுமந்து நடப்பதைத் தடை செய்தது. அந்தப் பத்தாண்டிலேயே சலவைக் கடைகளுக்கு உரிமக் கட்டணம் விதித்தபோது, ஒரு குதிரை வண்டி வைத்திருப்பவருக்குக் காலாண்டுக்கு 2 டாலர், வண்டியே இல்லாதவருக்கு 15 டாலர் என்று நிர்ணயித்தார்கள். வண்டி இல்லாமல் தோளில் சுமந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சீனர் மேல் இருந்த வெறுப்பே இதற்குக் காரணம், மேடுபள்ளத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நோக்கம் வெறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு அடிக்கத் தேர்ந்தெடுத்த இடம் சுமக்கும் தோள். 1877 அக்டோபரில் டெனிஸ் கியர்னியின் தொழிலாளர் கட்சிக் கூட்டம் நாப் ஹில் ஏறி, குரோக்கரின் வேலியைப் பிடுங்கி எறிவோம் என்று முழங்கியது. வேலி அப்படியே நின்றது. அதற்கு மூன்று மாதம் முன்னால் கலவரத்தில் அடித்து நொறுக்கப்பட்டவை சீனரின் சலவைக் கடைகள்.

எந்திரம் வந்தால் போதும், மேடு தானாகச் செல்வம் பெறும் என்று நான் சொல்ல வரவில்லை. டெலிகிராஃப் ஹில்லுக்கும் 1884இல் ஒரு கேபிள் பாதை போட்டார்கள். உச்சியில் கோட்டை பாணியில் கட்டிய ஒரு கேளிக்கை மாளிகைக்கு ஆள் சேர்க்க வந்த பாதை அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பிய தொழில், சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. தினசரிக் குடித்தனத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலே ஏற்றிவிட யாரும் அக்கறை காட்டாத அந்தக் குன்றிலிருந்து கீழே இறக்க மட்டும் ஆள் இருந்தது. முதலில் திரும்பிப் போகும் கப்பல்களுக்குப் பாரமாக அதன் கல்லை ஏற்றினார்கள். பிறகு கிரே சகோதரர்களின் குவாரி வெடி வைத்தது. கிழக்குச் சரிவில் வீடுகள் விரிசல் விட்டன, சில சரிந்து விழுந்தன. குடியிருந்தவர்கள் வழக்கு மேல் வழக்கு போட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெடிச் சத்தம் ஓயவில்லை. நாப் ஹில்லுக்குக் கீழே இப்படி ஒரு குவாரியை யாரும் கற்பனை செய்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1906 தீ நாப் ஹில்லின் மர மாளிகைகளைச் சாம்பலாக்கியது. கல்லால் கட்டிய ஃப்ளட் மாளிகையின் சுவர்கள் மட்டும் நின்றன. ரயில்வே கோமான்கள் இருந்த இடங்களில் பின்னர் ஹோட்டல்களும் ஒரு பூங்காவும் ஒரு தேவாலயமும் வந்தன. அதே தீயில் வீடிழந்த ஏழைகளுக்கு அரசும் நிவாரண அமைப்பும் பூங்காக்களில் 5,610 சிறு மரக் குடில்கள் கட்டிக் கொடுத்தன. வாடகை மாதம் 2 டாலர். முகாம்களை மூடியபோது, குடிலை எடுத்துப்போய் சொந்த மனையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குதிரை பூட்டிய வண்டியில் வீட்டையே ஏற்றிக்கொண்டு பலர் போய்ச் சேர்ந்தது தெற்கே இருந்த பெர்னல் ஹைட்ஸ் சரிவுகளுக்கு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே தார் காணாத தெருக்கள் இருந்தன. காட்சிக்கு அங்கேயும் குறைவில்லை. நகரமும் விரிகுடாவும் அந்த உச்சியிலிருந்து முழுசாகத் தெரியும்.

வேறு ஊர்களைக் காட்டி மறுப்பவர்கள் ஹாங்காங்கைச் சொல்வார்கள். அங்கே பீக் என்னும் சிகரத்தைச் சீனர் அல்லாதவருக்கென்றே ஒதுக்கியது 1904ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஒதுக்கீடு 1946 வரை நீடித்தது. ஆகவே அதிகாரம்தான் காரணம், போக்குவரத்து அல்ல என்பது வாதம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். சிகரத்துக்கு டிராம் வந்தது 1888இல். அதற்கு முன் பல்லக்கு நாற்காலியில் சீனக் கூலிகள் சுமந்து கொண்டுபோனால்தான் ஐரோப்பியர் மேலே போக முடியும். அப்போது அங்கே குடியேற விரும்பியவர்களே குறைவு. எல்லோருக்கும் வேண்டியதாக ஓர் இடம் ஆன பிறகுதான் அதற்கு வேலி போடச் சட்டம் தேவைப்படும். ரியோ டி ஜெனிரோவின் கதை இதை மறுபக்கமாகச் சொல்கிறது. 1897 வாக்கில் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் புரொவிடென்சியா குன்றில் குடிசை போட்டார்கள். நூறாண்டுக்கு மேல் அங்கே சுமை படியேறித்தான் போனது, 2014இல்தான் அந்தரத்தில் ஓடும் கேபிள் கார் வந்தது. அதனால் அந்தக் குன்று நாப் ஹில் ஆகிவிடவில்லை. பட்டா இல்லாத மண்ணில் வழி மட்டும் வந்தால் மனை விலை பேச ஒன்றுமில்லை. என் கட்சியின் எல்லை இது என்று ஒப்புக்கொள்கிறேன்: ஏறும் வழி திறந்தால் விலை ஏறும், அந்த விலையை வாங்கி விற்க உரிமை உள்ள இடத்தில்.

மோட்டார் கார் இந்தக் கணக்கை முடித்துவைத்தது. லொம்பார்ட் தெருவின் 27 சதவீதச் சரிவில் கார் இறங்குவதற்காகத்தான் 1922இல் அதை எட்டு வளைவுகளாக மடித்தார்கள். சுற்றுலா அதற்குப் பின் வந்தது. டெலிகிராஃப் ஹில்லில் குறைந்த வாடகைக்கு வந்து சேர்ந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும் காட்சியைப் பற்றி எழுதிப் பேசிப் பரப்பினார்கள். 1930களில் உச்சிக்குக் காரில் வந்து கோய்ட் கோபுரத்தைப் பார்க்கும் கூட்டம் பெருகியது, அடுக்கு வீடுகள் முளைத்தன, இத்தாலியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கட்டடம் 40 அடிக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பு அதே பத்தாண்டில் அங்கே வந்தது. 1947இல் மேயர் ரோஜர் லாபம் கேபிள் கார்களை ஒழிக்க நினைத்தபோது, ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி மக்களைத் திரட்டி வாக்கெடுப்பில் அவற்றைக் காப்பாற்றினார். அதற்குள் ஏறுவதற்கு அவை தேவையே இல்லாமல் போயிருந்தன. ஐம்பது மைலுக்கு மேல் ஓடிய தடங்களில் இன்று மிஞ்சியவை மூன்று தடங்கள்தான்.

டெலிகிராஃப் ஹில்லின் கிழக்குச் சரிவில் ஃபில்பர்ட் படிக்கட்டு இன்னமும் கார் ஏறாத இடம். அதிலிருந்து பிரியும் நேப்பியர் சந்தில் தரையே மரப்பலகைதான். இரு பக்கமும் 19ஆம் நூற்றாண்டின் தொழிலாளர் வீடுகள், நடுவே பூத்துக் கிடக்கும் தோட்டம். ஒரு காலத்தில் வாடகையைக் குறைத்து வைத்திருந்த அதே படிகளை இன்று வீட்டு விளம்பரம் சிறப்பாக எடுத்துச் சொல்கிறது. அங்கே குடியிருப்பவர் வாகனச் சத்தம் இல்லாத அமைதிக்குப் பணம் கொடுக்கிறார். சுமக்கும் வேலை மட்டும் மறையவில்லை. இத்தாலியக் குடியேறிகள் கூட்டுறவாக நடத்திய குப்பைக் கம்பெனிகளின் ஆட்கள் பெரிய தகரப் பீப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு இத்தகைய படிகளில் ஏறி இறங்கிய காலம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீண்டது. இப்போது குளிர்பெட்டியோ கட்டிலோ வாங்கினால், கடை வண்டி படிக்கட்டின் தலைப்பிலோ அடியிலோ நின்றுவிடும்; மீதித் தூரத்துக்குக் கூலி தனி.